பாட்டியின் ஃபேனும் 501-வது யூனிட்டும்

கரண்ட் பில்லைப் பார்த்தாலே ஷாக் அடிக்குதுன்னு ஜோக் அடிக்காத ஆள் தமிழ்நாட்டில் கிடையாது. அந்த ஜோக்கை இங்கேயே இறக்கி வைத்துவிட்டு நேராக விஷயத்துக்குப் போகலாம்.

திருச்சி உறையூரில் மூணு போர்ஷன் உள்ள ஒரு பழைய வீடு. நடு போர்ஷனில் ஓனர். முன் போர்ஷனில் வாடகைக்கு ஒரு பாட்டி, அவர் மகன், மருமகள், பிளஸ் டூ படிக்கும் பேத்தி. மகனுக்குத் தையல் கடை. மருமகள் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறார். ஏசி கிடையாது. நாலு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ், டிவி, மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின், தண்ணி மோட்டார். சாதாரண வீடு.

2025 ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்கான பில் ஜூன் முதல் வாரத்தில் வந்தது. 530 யூனிட். 2,292 ரூபாய். மகன் மொபைலில் வந்த எஸ்.எம்.எஸ்ஸை இரண்டு தடவை படித்துவிட்டு, "முப்பது யூனிட்டு தாண்டினதுக்கு ஐநூறு ரூபா தண்டம்" என்று சத்தமாகவே சொன்னார். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. சும்மா ஒரு ஆற்றாமை.

அவர் சொன்னது சரியான்னு முதலில் பார்த்துவிடலாம். (பி.காம் படிக்கிற மக்கள் பேனாவை எடுக்கவும், மற்றவர்கள் மொபைல் கால்குலேட்டரை எடுக்கவும்.)

2024 ஜூலை 1 முதல் அமலான பட்டியல்படி, இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். இது 2016 மே மாதம் ஜெயலலிதா மறுபடி முதல்வரானபோது எல்லா வீடுகளுக்கும் கொடுத்தது. அடுத்த 100 யூனிட்டுக்கு 2.35 ரூபாய். 201 முதல் 400 வரை 4.70. 401 முதல் 500 வரை 6.30. ஆக, சரியாக 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 235 + 940 + 630, மொத்தம் 1,805 ரூபாய்.

இப்போது இன்னும் ஒரே ஒரு யூனிட் ஓடட்டும். 501-வது யூனிட்டின் விலை 8.40. அப்படியென்றால் 1,813.40 தானே வரணும்? வராது. 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு அந்த 2.35 ரூபாய் சலுகை பறிபோய்விடும். இரண்டாவது நூறையும் 4.70-க்கே வாங்கியதாகக் கணக்கு. அதனால் 2,048.40. ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய் 40 காசு!

530 யூனிட் என்றால் 2,292. 500-க்கான 1,805-ஐக் கழித்தால் 487 ரூபாய். முப்பது யூனிட்டுக்கு 487, அதாவது யூனிட் 16 ரூபாய்க்கு மேல். பட்டியல் முழுவதும் தேடினாலும் 16 ரூபாய் என்று ஒரு ரேட் கிடைக்காது. ஆயிரம் யூனிட்டுக்கு மேல் ஓட்டும் பங்களாவுக்கே 11.55 தான். மகன் சொன்ன "ஐநூறு ரூபா தண்டம்" கிட்டத்தட்ட பைசா சுத்தம்.

இதற்கு முன்னால் இருந்த பட்டியலைப் பார்த்தால் இது பரவாயில்லை என்று தோன்றும். 2022 செப்டம்பர் 10-ல் ரேட் மாறும்வரை 500 யூனிட்டுக்கு 1,130 ரூபாய், 501-க்கு 1,786.60. ஒரு யூனிட்டுக்கு 656 ரூபாய் 60 காசு. பள்ளம் அப்போது இன்னும் ஆழம். இப்போது பள்ளம் பாதிக்கு மேல் தூர்ந்திருக்கிறது, ரோடு மொத்தமும் மேலே ஏறிவிட்டது :)

இன்கம் டாக்ஸ் பாடத்தில் ஸ்லாப் என்றால் தாண்டிய பணத்துக்கு மட்டும்தான் கூடுதல் வரி என்று சொல்லிக் கொடுப்பார்கள். கரண்ட் பில்லும் அப்படித்தான் என்று நினைத்து நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். (வருமான வரியிலும் பழைய முறையில் இந்த மாதிரி ஒரு பள்ளம் உண்டு. வரிக்கு உட்பட்ட வருமானம் ஐந்து லட்சம் என்றால் வரி பூஜ்யம், பத்து ரூபாய் கூடினால் செஸ்ஸோடு சேர்த்து 13,000-க்கு மேல். புது முறையில் அதைச் சரிக்கட்ட மார்ஜினல் ரிலீஃப் இருக்கிறது. கரண்ட் பில்லில் அந்த ரிலீஃப் கிடையாது.)

சரி, வீட்டுக்குத் திரும்பலாம்.

அந்த பில் வந்த மறுநாளிலிருந்து வீட்டில் சிக்கனம் ஆரம்பமானது. பேத்தி செல்போன் சார்ஜரை சுவிட்ச் போர்டிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி வைத்தாள். போன் மாட்டாத சார்ஜர் இழுப்பது அரை வாட் கூடத் தேறாது. இரண்டு மாதம் முழுக்க மாட்டியே கிடந்தாலும் ஒரு யூனிட் வருவதே சந்தேகம். மகன் ராத்திரி ஃபிரிட்ஜை ஆஃப் செய்தார். காலையில் தோசை மாவு பொங்கி ஃபிரிட்ஜ் தட்டெல்லாம் வழிந்திருந்தது. ராத்திரி சூடேறியதை எல்லாம் குளிர வைக்க கம்ப்ரஸர் பகல் பூராவும் ஓடியது. மூன்றாம் நாள் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

பாட்டி என்ன செய்தார் என்பது மட்டும் ஒரு வாரத்துக்கு யாருக்கும் தெரியாது.

ஒரு நாள் தலைக்குக் குளித்துவிட்டு வந்தவரின் முதுகில் மருமகள் பவுடர் போடப் போனபோதுதான் பார்த்தார். முதுகு பூரா வேர்க்குரு. கழுத்து மடிப்பு சிவந்து கிடக்கிறது. அப்போதும் பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணி குடிக்க எழுந்த மருமகள் எட்டிப் பார்த்தால், பாட்டி அறையில் ஃபேன் ஓடவில்லை. பாட்டி முந்தானையால் விசிறிக்கொண்டு படுத்திருக்கிறார்.

"ஏன் அத்தை ஃபேனை நிறுத்திட்டீங்க?"

"அந்தச் சத்தத்துல தூக்கம் வரமாட்டேங்குதும்மா."

"நாலு வருஷமா அந்தச் சத்தத்துலதானே தூங்குறீங்க?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம், "எனக்கு இந்த வயசுல என்னம்மா புழுக்கம். நீங்கள்லாம் காலைல வேலைக்கு ஓடணும்."

பாட்டிக்கு வயது 74. பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். வயதானவர்களுக்கு உடம்பு சூடாவது சட்டென்று உறைக்காது, வியர்த்துத் தணிக்கிற சக்தியும் குறைந்துபோகும். நீர் பிரியச் செய்கிற பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வெயில் காலத்தில் நீர்ச்சத்து குறைவது இன்னும் சுலபம். ஜூன் மாதத்துத் திருச்சியில் மூடிய அறைக்குள் ஃபேன் இல்லாமல் ராத்திரி முழுக்கக் கிடப்பதில் ஆஸ்பத்திரி செலவு ஒளிந்திருக்கிறது. அது பல கரண்ட் பில்லை ஒரே நாளில் விழுங்கிவிடும்.

இதில் சங்கடம் என்னவென்றால், பாட்டியின் கணக்கு தப்பில்லை. பழைய சீலிங் ஃபேன் 75 வாட். ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட். அறுபது ராத்திரிக்கு 36 யூனிட். வீடு தாண்டியது 30. பாட்டி ஃபேனை நிறுத்தினால் நிஜமாகவே 500-க்குள் வந்துவிடும்! பள்ளிக்கூடத்தில் மூணாவது தாண்டாத ஒரு அம்மா, காதில் விழுந்த ஒரே ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு சரியான இடத்தைப் பிடித்திருக்கிறார். வீட்டில் யார் யாருக்கு எவ்வளவு கரண்ட் செலவாகிறது என்று பிரித்துப் பார்த்தால் பாட்டியின் பங்குதான் ரொம்பக் கம்மி. அவர் அறையில் இருப்பது அந்த ஒரு ஃபேனும் ஒரு குண்டு எல்இடி பல்பும். முதலில் சுவிட்சை அணைத்தவரும் அவர்தான்.

மருமகள் அன்று ராத்திரி ஃபேனைப் போட்டுவிட்டு, அங்கேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடை கணக்கு எழுதுகிற கை சும்மா இருக்குமா, மீட்டருக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று நிதானமாகப் படிக்கவும், ஏனென்றால் இது எல்லா வீட்டிலும் செய்து பார்க்கக்கூடியது. எலக்ட்ரானிக் மீட்டரில் ஒரு குட்டி சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று எழுதியிருக்கும். பல மீட்டரில் 3200, சிலதில் 1600, வேறு எண்ணும் உண்டு. 3200 என்றால் 3200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட். 75 வாட் ஃபேன் மட்டும் ஓடினால் ஒரு நிமிஷத்தில் நாலு தடவை மினுக்கும். 28 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் இரண்டு நிமிஷத்துக்கு மூணு தடவை. எந்த மெஷினை வேண்டுமானாலும் இப்படித் தனியாக ஓடவிட்டு அளக்கலாம். தனியாகக் கருவி எதுவும் வேண்டாம், ஒரு வாட்ச் போதும். மீட்டரைத் தொடக்கூட வேண்டாம், தொடவும் கூடாது.

மருமகள் வீட்டில் இருந்த எல்லா சுவிட்சையும் அணைக்கச் சொன்னார். ஃபிரிட்ஜ் ப்ளக்கைக் கழற்றினார். செட்டாப் பாக்ஸையும் கழற்றினார். (டிவியை ரிமோட்டில் அணைத்தாலும் செட்டாப் பாக்ஸ் முழித்துக்கொண்டே இருக்கும். பத்து வாட் என்று வைத்தாலும் இருபத்து நாலு மணி நேரக் கணக்கில் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட்.) வீடே நிசப்தம். போய் மீட்டரைப் பார்த்தால்... மினுக்குகிறது.

நிமிஷத்துக்கு இரண்டு தடவை. விடாமல்.

முதல் சந்தேகம் யார் மேல் போகும்? பின் போர்ஷன் மேல்தான். புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி குடியிருக்கிறது. அவர்கள் வயரை எங்கேயாவது சொருகிவிட்டார்களோ என்று மகன் கிளம்பியேவிட்டார். மருமகள் பிடித்து நிறுத்தி, முதலில் வீட்டுக்குள் தேடலாம் என்றார்.

பின் போர்ஷன்காரர்கள் கதை தனி. அவர்களுக்கு ஈ.பி. கனெக்‌ஷனே கிடையாது, ஓனர் லைனிலிருந்து ஒரு சப்-மீட்டர். யூனிட்டுக்கு எட்டு ரூபாய். இது ஒன்றும் அதிசயம் இல்லை, எந்த ஊரில் வாடகை வீடு தேடினாலும் காதில் விழுவதுதான், சில இடத்தில் பத்து ரூபாயும் வாங்குகிறார்கள். இரண்டு மாதத்துக்கு 150 யூனிட் எரிக்கிற சின்னக் குடும்பத்துக்குத் தனி மீட்டர் இருந்தால் பில் 117 ரூபாய் 50 காசு. சப்-மீட்டரில் 1,200 ரூபாய். நூறு யூனிட் இலவசம் என்று அரசாங்கம் கொடுப்பது இந்த மாதிரி வீடுகளின் வாசல்படி வரைக்கும்தான் வருகிறது. கரண்ட் பில்லைக் குறைக்க ஃபேனை அணை, பல்பை மாற்று என்று ஆயிரம் யோசனை சொல்லலாம். இவர்களுக்கு உள்ள ஒரே யோசனை, வீடு பார்க்கும்போதே தனி மீட்டர் இருக்கிறதா என்று கேட்பது. தனி மீட்டர் உள்ள வீட்டுக்கு மாதம் முந்நூறு ரூபாய் வாடகை கூடுதல் என்றாலும் அதுதான் மலிவு. ஆனால் அந்தக் கேள்வியை அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் எல்லாரும் கேட்கிறார்கள்.

சரி, அந்த இரண்டு மினுக்கல் எங்கே போகிறது?

கூடத்து பீரோவுக்குப் பின்னால், பழைய பெட்ஷீட் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்வெர்ட்டர். 2012-ல் தமிழ்நாடு முழுக்க மணிக்கணக்கில் கரண்ட் போனபோது வாங்கியது. அந்த வருஷம் இன்வெர்ட்டர் வாங்காத வீடு இருந்தால் ஆச்சரியம். அப்புறம் பவர் கட் குறைந்தது, பேட்டரி ஒரு தடவை மாற்றப்பட்டது, அந்தப் பேட்டரியும் செத்துப் பல வருஷம் ஆகிறது. கரண்ட் போனால் ஐந்து நிமிஷம்கூடத் தாங்காது. ஆனாலும் ப்ளக்கில் மாட்டியே இருந்தது. செத்த பேட்டரிக்கு ராப்பகலாக சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருந்தது. ஏறாத சார்ஜ் சூடாகப் போகும், அவ்வளவுதான்.

நிமிஷத்துக்கு இரண்டு மினுக்கல் என்றால் மணிக்கு 120. அதாவது 37.5 வாட். கேட்க ரொம்பச் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் ஃபேன் மாதிரி அது தூங்கப்போகாதே. 24 மணி நேரம், 60 நாள், மொத்தம் 54 யூனிட்.

பாட்டி முதுகெல்லாம் வேர்க்குருவோடு மிச்சம் பிடித்தது 36 யூனிட். பெட்ஷீட் போர்த்திய பெட்டி குடித்தது 54 யூனிட். மருமகள் இந்த இரண்டு எண்ணையும் காலண்டர் பின்பக்கத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் காட்டியபோது மகன் ஒன்றுமே பேசவில்லையாம். இன்வெர்ட்டர் அன்றைக்கே எலக்ட்ரீஷியன் கையால் கழற்றப்பட்டது. பழைய பேட்டரிக்குக் கடையில் காசு கொடுத்தார்கள், ஈயம் இருக்கிறதே.

அதோடு ஒரு பி.எல்.டி.சி. ஃபேன் வாங்கினார்கள். 2,900 ரூபாய். ஹாலில் மாட்டலாம் என்று மகன் சொல்ல, பாட்டி அறையில்தான் என்று மருமகள் முடித்துவிட்டார். காரணம் பாசம் மட்டும் இல்லை. பாட்டி பகலிலும் வீட்டில் இருப்பவர், அவர் ஃபேன் ஒரு நாளைக்கு 14 மணி நேரம் ஓடுகிறது. 75 வாட்டில் 63 யூனிட், 28 வாட்டில் சுமார் 24. இரண்டு மாதத்துக்கு 39 யூனிட் மிச்சம். காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சை மாதிரி பேபேக் பீரியட் போட்டால், யூனிட் 6.30 ரேட்டில் ஒரு பில்லுக்கு 250 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. ஃபேன் காசு திரும்பி வர சுமார் இரண்டு வருஷம். அதே மிச்சம் வீட்டை 500-க்கு மேலிருந்து கீழே இழுத்துப் போட்டால் அந்த ஒரு பில்லிலேயே ஐநூறு ரூபாய் வரும். எப்போதாவது ஓடுகிற ஃபேனை மாற்றினால் பத்து வருஷம் ஆனாலும் காசு திரும்பாது. விளம்பரத்தில் இந்த இரண்டாவது பாதியைச் சொல்ல மாட்டார்கள்.

பழைய பெட்டி சைஸ் ரெகுலேட்டர் இன்னும் சில வீட்டில் இருக்கும். அதில் ஃபேனை ஸ்லோவாக வைத்தால் மிச்சம் ஆகும் என்பது பெரும்பாலும் மனத் திருப்தி, குறைத்த கரண்ட்டில் பெரும் பங்கை அது சூடாக்கி வெளியே விடும். எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில்தான் நிஜமாகக் குறையும்.

ஏசி உள்ள வீட்டுக்கு இந்த மினுக்கல் கணக்கெல்லாம் கொசுறு. அங்கே பில்லை எழுதுவதே ஏசிதான். 2020 ஜனவரியிலிருந்து வருகிற ஏசிகள் ஆன் பண்ணும்போதே 24 டிகிரியில் நிற்கும்படி விதி இருக்கிறது. நம்ம மக்கள் ஆன் பண்ணியதும் முதல் வேலையாக 18-க்கு இறக்கிவிட்டு, அப்புறம் குளிர்கிறது என்று கம்பளி போர்த்திக்கொள்கிறார்கள். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் ஆறு சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் மின்சிக்கன அமைப்பு சொல்கிற கணக்கு. புதுசாக ஃபிரிட்ஜோ ஏசியோ வாங்கப் போகிறவர்கள் நட்சத்திரத்தை எண்ணுவதோடு நிறுத்தாமல், அந்த ஸ்டிக்கரிலேயே வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருப்பதையும் பார்க்கவும். ஃபிரிட்ஜ் என்றால் அதை ஆறால் வகுத்தால் ஒரு பில்லுக்கான யூனிட். ஏசி ஸ்டிக்கரில் இருப்பது வருஷத்துக்கு 1,600 மணி நேரம் ஓடினால் என்ற கணக்கு.

சோலார்? 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். சொந்தக் கூரை இருப்பவர்களுக்கு நல்ல விஷயம். முன் போர்ஷனில் குடியிருப்பவர் யார் கூரையில் போய் மாட்டுவது?

இன்னொன்று, ரீடிங் தேதி. 530 யூனிட்டை அறுபதால் வகுத்தால் ஒரு நாளைக்கு எட்டே முக்கால் யூனிட். அப்படியென்றால் தாண்டிய முப்பது யூனிட் என்பது வெறும் மூன்றரை நாள் செலவு. 500 ஓரத்தில் நிற்கிற வீட்டுக்கு ரீடிங் எடுப்பவர் நாலு நாள் தாமதமாக வந்தாலே ஆப்புதான். இதனால்தான் மாதா மாதம் ரீடிங் எடுக்க வேண்டும் என்ற கோரிக்கை பிரபலம். 2021 தேர்தலில் அது வாக்குறுதியாகவும் வந்தது. ஆனால் மாதக் கணக்கு வந்தால் பில் பாதியாகிவிடும் என்று நினைப்பது தப்பு. ஸ்லாபையும் பாதியாக்கி, 500-க்குப் பதில் மாதம் 250 என்று வைத்தால் என்ன ஆகும்? ஒரு மாதம் 200, அடுத்த மாதம் 300 ஓடுகிற வீடு இப்போது இரண்டையும் சேர்த்து 500 என்று 1,805-ல் தப்பிக்கிறது. மாதக் கணக்கில் முதல் மாதம் 587.50, இரண்டாவது மாதம் 1,440. மொத்தம் 2,027.50. கூடுதல்தான்! மாதக் கணக்கில் உண்மையான லாபம், எங்கே நிற்கிறோம் என்பது சீக்கிரம் தெரிவது. அது மீட்டரில் இப்போதே, இலவசமாகவே தெரிகிறது. போய்ப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

அந்த வீட்டில் இப்போது பார்க்கிறார்கள். ரீடிங் எடுத்துப் போன அன்றைக்கு மீட்டரில் இருந்த எண்ணைக் காலண்டரில் எழுதி வைத்து, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பேத்தி போய்க் குறித்துவிட்டு வருகிறாள். வாரத்துக்கு 58 யூனிட்டுக்குள் என்றால் வம்பில்லை. 65-ஐத் தொட்டால் துணியைச் சேர்த்து வைத்து வாஷிங் மெஷினை வாரத்துக்கு இரண்டு தடவையாகக் குறைப்பது, தொட்டி நிரம்பி வழியும்வரை மோட்டாரை மறந்துவிட்டு டிவி பார்க்காமல் இருப்பது என்று ஏதாவது செய்கிறார்கள். பாட்டி அறையில் கை வைக்கக் கூடாது என்பது மருமகள் போட்ட சட்டம்.

ஜூன், ஜூலைக்கு வந்த பில் 458 யூனிட். 1,540 ரூபாய். முந்தைய பில்லை விட 752 ரூபாய் கம்மி. அத்தனையும் கணக்குப் போட்டதன் பலன் என்று சொல்ல முடியாது, ஜூலையில் ஆடிக் காத்து வேறு அடிக்க ஆரம்பித்துவிட்டது.

பாட்டிக்குப் புது ஃபேன் மேல் ஒரே ஒரு குறைதான். அதற்கு ரிமோட். ராத்திரி ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார், காலையில் பாயோடு சேர்த்துச் சுருட்டிவிடுகிறார், மத்தியானம் வீடே தேடுகிறது. இதில் இன்னொரு விஷயமும் தெரிய வந்தது. எல்லாரும் தூங்கிய பிறகு ஐந்தில் ஓடும் ஃபேனை அவர் சத்தமில்லாமல் இரண்டுக்கு இறக்கிவிடுகிறாராம். கேட்டால், "குளிருதும்மா" என்கிறார்.